அட்டை வாசம்

பிறப்பு: 1971, மார்ச் 3. திருமணம் 1996, மணமுறிவு 2003, பிள்ளைகள் இல்லை. தந்தை மறைவு 2009. அவர் விட்டுச்சென்ற திராட்சைச் சரிவில் நாற்பத்திரண்டு வரிசைகள். மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி, நடுவில் வேலி கிடையாது. 2015 அறுவடைக்குப் பிறகு அங்கே ரசாயன மருந்து அடிக்கப்படவில்லை. மூன்றாண்டுக் காத்திருப்புக்குப் பின், 2018 இறுதியில், இயற்கை வேளாண் சான்றிதழ் கிடைத்தது.

வேலையாட்கள் அந்த மகளைக் ‘கறார் அக்கா’ என்றே அழைத்தார்கள், முகத்துக்கு நேராகவும்தான். ஒயின் பீப்பாய் கழுவும் வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். நிலவறைக்குள் யாரும் வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரக் கூடாது. தம்பியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் பாட்டில் எடுக்க உள்ளே வந்தவனை, தலையில் தேய்த்திருந்த எண்ணெயின் மணத்துக்காக வாசலிலேயே நிறுத்தியவர். அவருடைய மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு ஒயின் கிளாஸ் இருக்கும். அவர் கழுவி, அவர் துடைத்து, அவரே வைத்துக்கொள்வது. வேறு கிளாஸில் அவர் குடித்ததை யாரும் பார்த்ததில்லை.

2023 மே 16, செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் மழைக்குப் பிறகு இலைகளின் அடிப்புறத்தில் சாம்பல் நோய் பூத்திருந்தது. அதில் ஒன்றைப் பறித்துவந்து காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான் தம்பி. சாயங்காலம் மறுபடி மழையாம். அதற்குள் மருந்து அடிக்காவிட்டால் அறுவடைக்குக் காம்புதான் மிஞ்சுமாம். கந்தகத் தூள் போதும் என்று அக்கா ஏழு வருடமாகச் சொல்லிவந்ததையே மறுபடி சொன்னார். தூளைத் தூவித் தூவித் தன் தலைதான் வெளுத்தது என்றான் அவன். குரல்கள் ஏறி, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். பத்து மணிக்கு வரவிருந்த கொள்முதல்காரருக்குப் பல நகரங்களில் கடைகள் இருந்தன. அக்கா இரண்டு வருடம் பீப்பாயில் வளர்த்த சிவப்புக் கலவையை அவர் ருசித்து எடுத்துக்கொண்டால், சரிவு முழுவதும் அக்கா வழி. மறுத்தால், தம்பி வழி.

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது,” என்றான் தம்பி.

“மாறுற ஆளு யாருன்னு ஊருக்கே தெரியும்,” என்றார் அக்கா.

அந்தக் கலவை மூன்று திராட்சைகளால் ஆனது: நிறத்துக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று, நாக்கில் நிற்கும் துவர்ப்புக்கு ஒன்று. அளவுகளை மாற்றி மாற்றிக் கலந்து, பிடிக்காததையெல்லாம் கொட்டி, குளிர்காலம் முழுவதும் அதற்கே போனது. தம்பி மனைவிகூட ஒரு தடவை, “அண்ணி, இதுக்குப் பதிலா ஒரு புள்ளைய வளத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கொள்முதல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ருசிபார்க்கும் அறையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, துப்புவதற்கு ஒரு வாளி, சுவரோரம் போன வாரம் தம்பி வாங்கிய புது அலமாரி. தம்பி மனைவி அதிலிருந்து கிளாஸ்களை எடுத்துப் பளபளவென்று துடைத்து வைத்தாள். அக்கா எல்லாவற்றிலும் ஊற்றினார். தனக்கு மட்டும் பையிலிருந்த கிளாஸில்.

வந்தவர் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, வாளியில் துப்பினார்.

“தப்பா நினைக்காதீங்க. நனைஞ்ச அட்டைப் பெட்டி மாதிரி ஒரு வாசம். மருந்து போடாத ஒயின்ல சில நேரம் இப்படி ஆயிடுது.”

அக்கா தன் கிளாஸை முகர்ந்தார். கறுத்த பழம், மழை பெய்த மண், லேசாக மிளகு. அட்டையாவது, பெட்டியாவது! தம்பியும் தன் கிளாஸை முகர்ந்துவிட்டு மெல்லத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைக் கண்டதும் அக்கா தன் கிளாஸை மேசையில் டொக்கென்று வைத்தார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்!

“இன்னொரு கிளாஸ்ல கொஞ்சம்…” என்று தொடங்கினார் கொள்முதல்காரர்.

“கிளாஸ மாத்துனா மூக்கு மாறிடுமா? உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு. போய் ஆவி பிடிங்க.”

கொள்முதல்காரர் கைக்குட்டையால் வாயைத் துடைத்து, தம்பியிடம் மட்டும் விடைபெற்று, காரில் ஏறிப் போனார். கார் வாசலைத் தாண்டும் முன்பே தம்பி கைபேசியைக் காதில் வைத்தபடி வெளியேறினான். மருந்தடிப்பவர் காலையிலிருந்தே சரிவின் அடியில் டிராக்டருடன் காத்திருந்தது அக்காவுக்குத் தெரியாது.

கோபத்தில் கைக்கு வேலை வேண்டும். அக்கா மேசையிலிருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து மிச்சத்தை வாளியில் விசிறிக் கொட்டினார். வந்தவரின் கிளாஸைக் கவிழ்க்கும்போது, பழக்கதோஷத்தில் மூக்கு தானாக விளிம்புக்குப் போனது.

அட்டை.

தம்பியின் கிளாஸிலும் அட்டை. அதே பாட்டிலிலிருந்து தன் கிளாஸில் ஊற்றி முகர்ந்தார்: பழம், மண், மிளகு. அலமாரியைத் திறந்தார். புது வார்னிஷும் ஒட்டுப்பலகையும் சேர்ந்த காட்டம் முகத்தில் அறைந்தது. அடித்தட்டில் அட்டை விரித்து, அதன்மேல் மீதிக் கிளாஸ்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு வாரத்து வாசம் அடைபட்டிருந்தது. முன்பெல்லாம் கிளாஸ்கள் காற்றாடும்படி சட்டத்தில் தொங்கும். சட்டத்தைக் கழற்றியவன் தம்பி.

“யார் கவுத்து வெச்சது?”

“நான்தான் அண்ணி. தூசி விழக் கூடாதுன்னு…” என்றாள் தம்பி மனைவி.

அக்கா அவளைத் திட்ட வாய் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சரிவிலிருந்து டிராக்டரின் இரைச்சலும், கூடவே சீறும் ஓசையும் வந்தன. மருந்து பீய்ச்சும் ஓசையை ஏழு வருடம் கேட்காத காது அதை உடனே கண்டுகொண்டது.

ஒரு கையில் பாட்டில், மறுகையில் கிளாஸ். ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சேற்றில் அப்படி ஓடியவரை வேலையாட்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். டிராக்டருக்கு நேர் எதிரே, வரிசை நடுவில் போய் நின்றார். முகமூடி போட்டிருந்த மருந்தடிப்பவர் பதறி பிரேக்கை மிதித்தார்.

“அக்கா, பேச்சு பேச்சுதான்,” என்று கத்திக்கொண்டே வந்தான் தம்பி. “அவரு வேணாம்னுட்டாரு.”

“அவரு நம்ம ஒயினக் குடிக்கவே இல்லடா. உன் அலமாரியக் குடிச்சிட்டுப் போயிருக்காரு.” கிளாஸை அவன் நெஞ்சில் முட்டக் கொடுத்தார். “மோந்து பாரு. மூக்குன்னு ஒண்ணு இருந்தா மோந்து பாரு.”

அவன் முகர்ந்தான். குடித்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு டிராக்டர்காரரைப் பார்த்துக் கையைக் குறுக்கே அசைத்தான், இயந்திரம் அடங்கியது. இலைகளிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“அவரு இன்னொரு கிளாஸ் கேட்டாருல்ல?” என்றான் மெதுவாக. “நீதானே விடல?”

அக்காவின் கோபம் இரட்டித்தது. அதைக் கொட்ட ஆள் தேடித் திரும்பியபோது, மேலேயிருந்து வேலையாட்களை விலக்கிக்கொண்டு தம்பி மனைவி மூச்சிரைக்க வந்தாள்.

“அண்ணி, நான் போன் பண்ணிட்டேன். எல்லாம் என்னாலதான்னு சொன்னேன். அவரு வண்டியத் திருப்பிட்டாரு.”

இருபது நிமிடத்தில் கொள்முதல்காரர் அதே மேசைக்கு முன்னால் நின்றார். மன்னிப்பு என்ற சொல் அக்காவின் வாயில் வரவில்லை. தன் கிளாஸைக் கழுவி, அந்த ஒயினிலேயே ஒருமுறை அலசிக் கொட்டி, ஊற்றி, சேறு காயாத கையால் நீட்டினார். வேறொருவர் கைக்கு அந்தக் கிளாஸ் போனது அதுவே முதல் தடவை.

அவர் நெடுநேரம் முகர்ந்தார். இந்த முறை துப்பவில்லை.

“எனக்குச் சளி இல்லையே?” என்றார்.

“இல்ல.”

அந்த ஆண்டுக் கலவை முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தம்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அக்காவின் பக்கம் திரும்பினான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. புது அலமாரியை ஆள் வைத்து வெளியே இழுத்துப்போட்டுவிட்டு, மழை தொடங்குமுன் ஒரு கட்டுச் சிவப்புத் துணியோடு சரிவுக்கு இறங்கினார். ரசாயனம் பட்ட ஒவ்வொரு வரிசையின் தலைக்கம்பத்திலும் ஒரு துண்டு கட்டினார். அவற்றுக்கு இனி மூன்றாண்டு சான்றிதழ் கிடையாது.

மொத்த வரிசைகள்: நாற்பத்திரண்டு. சிவப்புத் துணி கட்டியவை: பதினொன்று.