மூண்டு நட்சத்திரம் தெரியும் வரைக்கும்

காயுற கருவாட்டு மணத்துக்குள்ள ஒரு பொம்பிளைப் பிள்ளை ஜெர்மன் பாசை பாடமாக்குற சத்தம்...

மறிச்சுக்கட்டியில எங்கட வீட்டு விடியல் கொஞ்சக் காலம் அப்பிடித்தான் இருந்தது. பாயில நான் சூடை மீன் பரப்பிக் காய வைப்பன். அந்தப் பிள்ளை காதில வயரை மாட்டிக்கொண்டு, வாயில என்னவோ முணுமுணுத்தபடி பாயைச் சுத்திச் சுத்தி நடப்பா. ஒரு காகம் கிட்ட வராது. காகம் விரட்ட ஆள் தேவையில்லை எண்டு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். வியாபாரி புத்தி, என்ன செய்யிறது...

பேர் மிரியம். இங்கிலாந்து. குளங்களுக்கு வாற பறவைகளைப் பற்றிப் படிக்க வந்து எங்கட பின் அறையில வாடகைக்கு இருந்தா. இது முடிய மேல்படிப்புக்கு ஜெர்மனி போறதா ஏற்பாடு. என்ட பிள்ளையளுக்கு வந்த அண்டே அவ 'மர்யம் ராத்தா', சொந்த அக்கா மாதிரி.

யூதப் பிள்ளை. நண்டு, இறால், கணவாய், திருக்கை ஒண்டும் தொடமாட்டா. செதில் உள்ள மீன் மட்டும். "நல்லதுதான், விலை கூடின சாமான் எல்லாம் மிச்சம்" எண்டு என்ட மனுசி சிரிப்பா.

தேத்தண்ணிக் கடையில ஒருத்தன் கேட்டான், "என்ன நானா, யூதப் புள்ளையையா வீட்டுல வெச்சிருக்கீங்க?"

"அந்தப் புள்ள பன்றி தின்னாது, பொய் சொல்லாது. உனக்கு ரெண்டாவதுக்கு நான் உத்தரவாதம் குடுக்க ஏலுமாடா?" எண்டன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயமுதல் ரெண்டு மெழுகுதிரி கொளுத்துவா. அதோட சரி. சனிக்கிழமை இருட்டும் வரைக்கும் லைட் சுவிச்சுல கை வைக்கமாட்டா, ஃபோனும் தொடமாட்டா. ஃபோனை மனுசியிட்டக் குடுப்பா, அவ அலுமாரிக்குள்ள வைப்பா.

ஆனா ஃபோனை நிப்பாட்டாமத்தான் குடுப்பா.

ஏனெண்டு எங்களுக்குத் தெரியும். அவவின்ட அப்பா மாசக்கணக்கா அவவோட கதைக்கிறதில்ல. அவர்ட குடும்பம் ஒரு காலத்தில ஜெர்மனியில இருந்ததாம். யூதர் எண்டதுக்காக விரட்டி, சாகடிச்சு... தப்பினது கொஞ்சப் பேர். 'அந்த மண்ணுக்கா நீ படிக்கப் போறாய்' எண்டதுதான் கடைசியாச் சொன்னதாம். இவவும் பிடிவாதம். பாசையும் பாடமாக்கினா, அப்பாட அழைப்பையும் பாத்துக்கொண்டு இருந்தா.

எனக்கு அந்த மனுசனை விளங்கிச்சு. நாங்களும் சண்டைக் காலத்தில முஸ்லிம் எண்டதுக்காக ஊரை விட்டு விரட்டுப்பட்டு, உடுத்த உடுப்போட புத்தளத்துக்குப் போன சனம்தானே. சண்டை முடிஞ்சு நான் ஊருக்குத் திரும்பி வரேக்குள்ள வாப்பா வரமாட்டன் எண்டுட்டார். வந்து பார்க்கவும் இல்ல. அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கம்...

ஒரு சனிக்கிழமை. மத்தியானம் ழுஹர் தொழுதுட்டு சோத்துல கை வைக்கிறன், அலுமாரிக்குள்ள ஃபோன் அடிக்குது. நிண்டது. திரும்ப அடிச்சுது. மனுசி கதவைத் திறந்து பாத்தா, திரையில 'டாட்', அவவின்ட அப்பா.

மிரியம் வாசல்ல வந்து நிண்டா. எடுங்கோ எண்டும் சொல்லல்ல, வேண்டாம் எண்டும் சொல்லல்ல. அண்டைக்கு மற்றவையிட்டச் சொல்லிச் செய்விக்கவும் கூடாதாம். கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு அலுமாரியையே பாத்தா.

மனுசி என்னைப் பாத்தா. "என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்க? அவவுக்குத்தானே அது ஹராம், உங்களுக்கு இல்லையே. எடுங்கோ!"

கையைக் கழுவக்கூட இல்ல. எடுத்தன்.

"ஹலோ சேர். டோட்டர் குட். டுடே சட்டர்டே, நோ ஃபோன்."

"ஹூ இஸ் திஸ்?"

"ஹவுஸ் ஓனர், சேர். முஸ்லிம்."

கடைசிச் சொல்லை ஏன் சொன்னன் எண்டு இண்டைக்கும் தெரியாது. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. வியாபாரத்தில மற்ற ஆள் பேசாம இருந்தா நானும் வாயை மூடிருவன், அதுதான் கெட்டித்தனம். அண்டைக்கு ஏலாமப் போயிட்டுது.

"சேர், மை ஃபாதர் ஆல்சோ ஆங்ரி. நெவர் கேம். லெட் ஹேர் கோ அண்ட் சீ. ஆஃப்டர், யூ ஆங்ரி."

பிறகு அந்த மனுசன் கேட்டார், மகள் ஒவ்வொரு சனியும் இப்பிடியா எண்டு. யெஸ் சேர் எண்டன். தன்ட அப்பாவும் இப்பிடித்தான், தான்தான் எல்லாத்தையும் விட்டுட்டதாச் சொன்னார். பிறகு மெதுவா, அங்க எத்தனை மணிக்கு நட்சத்திரம் தெரியும் எண்டு கேட்டார்.

மூண்டு நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் அவையளுக்கு அந்த நாள் முடியுமாம்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுதுட்டு வந்து பாத்தா முழுக் குடும்பமும் முத்தத்தில. எல்லாரும் வானத்தைப் பாத்தபடி. சின்னவள் ஷிஃபாதான் முதல்ல கத்தினாள், "ஒண்டு!" பிறகு மகன் ரெண்டாவது. மூண்டாவது வரவே இல்ல... மனுசிதான் கண்டா, மாமரத்துக்கு மேல.

ஃபோன் அடிச்சுது. மிரியம் கருவாட்டுப் பாயைச் சுத்திச் சுத்தி நடந்தா. இந்த முறை ஜெர்மன் இல்ல.

சம்மதிச்சாரா எண்டா, இல்ல. கோவம் போகல்லயாம். ஆனா ஜெர்மனி போகேக்குள்ள பெட்டி அடுக்க நானும் வாறன் எண்டாராம்.

இப்ப அந்த முத்தத்தில கருவாட்டுப் பாய் இல்ல. ஸ்டோரும் லொறியும் நிக்குது. கடை வாசல்ல பெரிய லைட், ராவெல்லாம் பகல். ஷிஃபாவுக்குப் பதினெட்டு வயசு, மலேசியாவில படிக்க இடம் கிடைச்சிருக்கு. வேண்டாம் எண்டுட்டன். ரெண்டு பேருக்கும் கதை இல்ல.

நேத்துப் பொழுதுபட்டு கதிரையில இருந்தன். பக்கத்தில வந்து நிண்டாள்.

"சேர்... லெட் ஹேர் கோ அண்ட் சீ. ஆஃப்டர், யூ ஆங்ரி."

என்ட அதே இங்கிலீசு. அதே இழுவை. கள்ளி, ஏழு வயசில கேட்டதை மறக்கல்ல.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூண்டு தெரியட்டும், கதைப்பம்" எண்டன்.

"இந்த வெளிச்சத்தில எங்க வாப்பா தெரியும்?"

எழும்பிப் போய் கடை லைட்டை நிப்பாட்டினன். "நானா, கரண்ட் போச்சா?" எண்டு சாமான் வாங்க வந்தவன் கத்துறான். கொஞ்சம் பொறு எண்டன்.

அவள் மூண்டையும் உடனே கண்டுட்டாள். எனக்குத்தான் நேரம் எடுத்தது... மூக்குக்கண்ணாடி கடைக்குள்ள.