எல்லம்மாள் கொடுத்த தண்ணீர்

முத்துசாமி படித்த படிப்பு இன்னதென்று அவன் தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரி எழுபத்தேழில் புதிதாக ஆரம்பித்த சுற்றுப்புற இயல் பட்டம் அது. கொஞ்சம் ரசாயனம், கொஞ்சம் செடிகொடி, கொஞ்சம் பொருளாதாரம், நடுவே சட்டம். அவனோடு படித்த மூர்த்தி, சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, சுருக்கமாகச் சொல்வான்: "எல்லாக் காயும் போட்ட கொழம்பு மச்சான். இன்னா ருசின்னு கேக்காத, கலக்கி அடி."

முத்துசாமி சிரிக்கமாட்டான். இந்தப் படிப்பால் அவனுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கால்வாயோரம் இருந்த அவர்கள் காலனிக்கு ஒரே கிணறு. அதில் உப்பு ஏறிவிட்டது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீருக்கு ஊர்க் கிணற்றுப் பக்கம் போய்த் தள்ளி நிற்கவேண்டும். ஊர்ப் பெண்கள் யாருக்காவது மனசு வந்தால் இறைத்துக் குடத்தில் ஊற்றுவார்கள். காலனிக்கு அடிபம்பு கேட்டு ஒன்றிய ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார்கள்.

இதைக் கேட்ட அவர்கள் ரசாயன வாத்தியார் ஆபிரகாம் சார், எதையும் மூக்கால் பேசுகிறவர், "முத்துசாமீ! உம்ம தெருவையே வகுப்புக்கு எடுத்துக்குவோம். தண்ணியப் பரிசோதிச்சு மனுவோட சேத்து அனுப்புவோம். அப்புறம் எவன்யா மறுப்பான்?" என்றார்.

சனிக்கிழமை வகுப்பு மொத்தமும் பஸ்ஸில் வந்து இறங்கியது. முத்துசாமி பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு கால்வாய் மேட்டில் செடிகளைப் பார்க்கப் போனான். தண்ணீர் பிடிப்பது மூர்த்தியின் வேலை. பாட்டிலோடு கிணற்றுக்குப் போனவனை முத்துசாமியின் அம்மா எல்லம்மாள் மறித்தாள்.

"நீ ஏன் நைனா கயிறு புடிக்கிற? வூட்டாண்ட வா, மொண்டு வச்சிகீறேன்."

"இந்தக் கெணத்துத் தண்ணிதானேம்மா?"

"எங்களுக்கு வேற கெணறு ஏது?"

மூர்த்தி பாட்டிலை நிரப்பிக்கொண்டான். அவள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை அந்தத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழுந்தது. உப்பு இருந்தால் தயிராகத் திரளும். இது லேசாக மங்கியதோடு சரி.

"நல்ல தண்ணியய்யா இது!" என்றார் ஆபிரகாம் சார்.

"இல்ல சார், இன்னொரு தபா பாருங்க."

"பாத்தாச்சு. வந்தத வந்தபடிதான் எழுதணும்." அன்றைக்கே தபாலில் அனுப்பியும் விட்டார்.

முத்துசாமி வீட்டுக்குப் போய்ப் பையைக்கூட இறக்கவில்லை. "மூர்த்திக்கு எந்தத் தண்ணிய குடுத்த?"

எல்லம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ஊர்க் கெணத்துத் தண்ணி. வெடியறதுக்கு மின்னயே போயி நின்னு வாங்கியாந்தேன். இன்னா இப்ப?"

"ஏம்மா?"

"ஏனா? கூடப் படிக்கிற புள்ளைங்க வந்துகீது. முத்துசாமி வூட்டுத் தண்ணி வாயில வைக்க முடியலன்னு காலேஜே சிரிக்கணுமா? உன்ன நானே அசிங்கப்படுத்துவேனா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். ஊதுகுழல் அவள் கையிலேயே நின்றது.

"அப்ப பம்பு?"

"பேசிப் பாக்கறேன்மா."

மறுநாள் காலனிக் கிணற்றுத் தண்ணீரோடு வகுப்பில் எழுந்து நின்றான். "சார், அன்னிக்கு வந்தது ஊர்க் கெணத்துத் தண்ணி. எங்கம்மா குடுத்தாங்க. அது... நாங்க கேட்டு வாங்கறது சார். எங்கள எறைக்க வுடமாட்டாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மூர்த்தி எழுந்தான். "என் தப்பு சார். நான் கெணத்தாண்டயே போவல."

இந்த முறை முதல் சொட்டிலேயே வெள்ளையாகத் திரண்டது. வெள்ளிக்கிழமைதான் ஆபிரகாம் சாரால் முத்துசாமியைக் கூட்டிக்கொண்டு ஒன்றிய ஆபீசுக்கே போக முடிந்தது. அங்கிருந்த அதிகாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒரே காலேஜி, ஒரே கெணறு, ரெண்டு ரிசல்ட்டு! எத சார் நம்பச் சொல்றீங்கோ? மொதல்ல வந்தத வச்சி பம்ப வேற தெருவுக்கு எழுதியாச்சு. அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார்.

சாயங்காலம் பஸ் நின்ற இடத்திலேயே எல்லம்மாள் காத்திருந்தாள். பின்னால் தெருப் பெண்கள்.

"இன்னா சொன்னாங்கோ?"

"இந்த வருசம் இல்லியாம்."

அவள் குரல் இறங்கியது. "என்னாலயா?"

"சேச்சே! ஆபீசுல டப்பு இல்லியாம்மா. எந்தத் தெருவுக்குமே கெடையாதாம்."

"அதானே பாத்தேன்!" எல்லம்மாளுக்கு மூச்சு வந்தது. ஆபீசின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முத்துசாமி யார் முகத்தையும் பார்க்காமல், "ஆமாம்மா, அவனுங்கோ அப்டிதான்" என்று கூடவே திட்டிக்கொண்டு நடந்தான்.