பூசைத் தேங்காய்

விண்வெளி வீரர்கள் ஆளில்லாத கோளில் சிக்கிக்கொள்ளும் அந்தப் பழைய தொலைக்காட்சித் தொடரை நேற்று மறுபடியும் பார்த்தேன். ஒரு குடுவைத் தண்ணீருக்காக ஒருவன் கூட்டாளியைக் கொல்கிறான். பாறைகள் அட்டை என்று தெரிகிறது. தாகத்தில் சாகிறவன் இவ்வளவு வசனமா பேசுவான்? ஆனால் குடுவை குலுங்கிய சத்தத்தில் திருச்செங்கோட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா போர்வெல் ரிக் வண்டியில் துளை போடும் டிரில்லர். ராஜஸ்தான் மணலில் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. ஆட்கள் வந்து சேர்ந்தபோது உடனிருந்த பழனி மாமா தாகத்தில் செத்திருந்தார். அப்பாவுக்கு மட்டும் உயிர் இருந்தது.

போர் போடுமுன் தேங்காய் உடைத்துப் பூசை செய்வார்கள். அடுத்து போர் போடவிருந்த பாயிண்டுக்கு வைத்திருந்த தேங்காய் அப்பாவின் பையில் டீசல் நாற்றத்தோடு வந்தது. அம்மா அதைக் காதருகே ஆட்டினாள். உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்றது.

"ஏனுங்க, இதை ஒடச்சு அவருக்குக் குடுத்திருக்கலாமுங்களே?"

அப்பா தேங்காயையே பார்த்தார்.

"சாமிக்குன்னு வெச்சது புள்ள. அவனும் கேக்கல, எனக்கும் தோணல."

அதன் பிறகும் அதை யாரும் உடைக்கவில்லை. பூசை அலமாரியிலேயே கிடந்து, தண்ணீர் வற்றி, சத்தம் நின்றது.

தொடரில் கொன்றவன் அந்தத் தண்ணீரைக் குடிக்கவாவது செய்தான்.