டியூப் இல்லாத டயரில் ஒரு முள்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கம் டியூப் இல்லாத டயரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நான் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மில் அதிகாரி ஒருவர் தம் காரை விற்கப் போவதாகச் சொன்னார். ஆசை யாரை விட்டது, நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் காரோடு வந்தவைதான் அந்த டயர்கள். முதல் முறை ஊருக்கு ஓட்டி வந்தபோது, காற்றுப் பார்க்க அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"பருப்பு இல்லாமக் கல்யாணமாம், டியூபு இல்லாம டயராம். பஞ்சரானா எங்கிட்டக் கொண்டாந்திராதீக சார்," என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் தப்பில்லை. கோயம்புத்தூர் திரும்பியதும் பஞ்சர் ஒட்டும் சாமான்கள் அடங்கிய ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். பிடி வைத்த முறுக்கு ஊசி ஒன்று, காது வைத்த ஊசி ஒன்று, பிசுபிசுவென்று ரப்பர் திரிகள் ஐந்து, கொஞ்சம் பசை. கடையிலிருந்த மெக்கானிக் செய்து காட்டினார். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். முறுக்கு ஊசியை ஓட்டையில் விட்டுச் சுரண்ட வேண்டும். திரியை மற்ற ஊசியின் காதில் கோத்து, பசை தடவி, உள்ளே தள்ள வேண்டும். ஊசியை வெடுக்கென்று இழுத்தால் திரி உள்ளேயே நின்றுகொள்ளும். கடைசியாக ஒன்று சொன்னார்.

"முள்ளோ ஆணியோ ஏறியிருந்தா உடனே பிடுங்கிடாதீங்க. அது உள்ளே இருக்கிற வரைக்கும் காத்து அவ்வளவா போகாது. அப்படியே வீடு வரைக்கும் ஓட்டிட்டுப் போய், அப்புறமா நிதானமாப் பிடுங்குங்க."

தலையை ஆட்டினேன். ஆனால் நான் பிறந்தது நரிக்குடிப் பக்கம். எங்கள் ஊரில் காலில் முள் ஏறினால் நின்ற இடத்திலேயே பிடுங்குவோம். மாடு நொண்டினால் குளம்பைத் தூக்கிப் பிடுங்குவோம். சைக்கிள் டயரை நாளைக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்துப் பிடுங்குவோம். அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி தொங்காத ஆம்பிளையை நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. குத்திய முள்ளை இருக்கட்டும் என்று விட்டுவைக்கும் வழக்கம் எங்கள் ஏழு தலைமுறைக்கும் கிடையாது.

அப்புறம் வந்த ஒரு பங்குனியில் அப்பாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் கெட்டுப்போயிருந்தது. பதினோராம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள் என்றார். சரி என்றேன். கீழே இறங்கி வந்து டீ குடித்தேன். சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வெளியே உயிர் போனவரை எங்கள் ஊரில் வீட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். நிலைப்படி தாண்டக் கூடாது. வாசலில் பந்தல் போட்டு, அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். சித்தப்பா இதே மதுரையில்தான் இறந்தார். ஐப்பசி மழை. தானே கல் சுமந்து கட்டிய வீட்டுக்கு வெளியே, ஒழுகுகிற பந்தலுக்குக் கீழே கிடந்தார். தூக்கும்வரை அப்பா தம்பியின் தலைமாட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்குள் புகுந்த பயம் பிறகு போகவே இல்லை.

"என்னைய வாசல்ல போட்டுராதய்யா. உசுரோட உள்ள கொண்டுபோயிரு," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கொண்டுபோயிருவேன்ப்பா," என்றேன். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கிளம்பினோம். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டெப்னி என்று ஒன்றும் கையில் இல்லை. அப்பாவை மதுரைக்குக் கொண்டு வந்த அன்றே ஒரு டயர் ஓரம் கிழிந்துபோய், ஸ்டெப்னியை எடுத்து மாட்டியாயிற்று. கிழிந்தது டிக்கியில் கிடந்தது. வேறு வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன், வாங்கவில்லை. பட்ட காலிலே படும் என்று சொல்லிவைத்தவர்களை அப்போது நான் நினைத்துக்கொள்ளவில்லை.

காரியாபட்டி தாண்டி, திருச்சுழியும் தாண்டிவிட்டோம். அம்மா அவ்வப்போது ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டே வந்தாள். எங்களுக்கு முன்னால் விறகு லாரி ஒன்று போனது. கரிமூட்டம் போட வேலிக்கருவையை வெட்டி ஏற்றிக்கொண்டு போகிற லோடு. ரோடு முழுக்கச் சுள்ளியைச் சிந்திக்கொண்டே போனது. அதை முந்திக் கொஞ்ச தூரம் போனதும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டக், டக், டக். வேகமாகப் போனால் சத்தமும் வேகமாக வந்தது. வீட்டுக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர்தான்.

நிறுத்தி இறங்கினேன். இடது பக்கப் பின் சக்கரத்தில், கை எட்டும் உயரத்தில், ஒரு சாண் சுள்ளி ஒட்டிக்கொண்டு நின்றது. சுள்ளியிலிருந்த முள் டயருக்குள் முழுசாக இறங்கியிருந்தது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் சுள்ளி மட்காடில் அடித்திருக்கிறது, அவ்வளவுதான். காற்று துளியும் இறங்கவில்லை. சுள்ளியை மட்டும் ஒடித்துப் போட்டுவிட்டு ஏறியிருந்தால் கால் மணி நேரத்தில் வீடு. மெக்கானிக் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். ஞாபகம் இருக்கும்போதே கை போய்ப் பிடுங்கிவிட்டது.

உஸ்ஸென்று காற்று வந்தது. கிறுக்கன் மாதிரி விரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இறக்கியிருந்த கண்ணாடி வழியாக அப்பாவின் குரல் கேட்டது.

"வீடு வந்திருச்சா?"

"இந்தா வந்திருச்சு. சும்மா படுங்க," என்றாள் அம்மா.

விரலை எடுத்தேன். டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்து வந்தேன். முள் போட்ட ஓட்டை மிகச் சின்னது, முறுக்கு ஊசி இறங்கவில்லை. முட்டி போட்டு இரண்டு கையாலும் அழுத்தினேன். தார்ச் சூடு பேண்டைத் தாண்டி முட்டியில் ஏறியது. அழுத்தும்போதெல்லாம் கார் ஆடியது. உள்ளங்கைத் தோல் வழன்ற பிறகுதான் ஊசி உள்ளே போனது.

அந்த நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. பதினோரு நாளாகக் கட்டில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. திரியைக் கோத்து, இரண்டு முனையும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். பசையைச் சீராகத் தடவினேன். முதல் திரி சரியாக உட்காரவில்லை. எச்சில் தொட்டு வைத்தபோது லேசாகக் குமிழ் வந்தது. அப்படியே காற்றடித்திருந்தாலும் ஏழு கிலோமீட்டர் தாங்கியிருக்கும். நான் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டாவது திரி போட்டேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். காருக்குள் யார் இருக்கிறார்கள் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது.

கால் பம்பை மாட்டி மிதித்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"என்ன சார், காத்து போயிருச்சா?"

"முள்ளு," என்றேன்.

"உள்ள முடியாதவுகளா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிப் பக்கம் போய்க் குனிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏத்தா, அவுக..." என்று ஆரம்பித்தாள்.

"தூங்குறாக," என்றாள் அம்மா.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். என் பக்கம் வந்து, "வெரசா வீடு போய்ச் சேருங்கய்யா," என்றாள். ஆடுகளை ரோட்டை விட்டு இறக்கி ஓட்டிக்கொண்டு போனாள். அவள் சொன்னது காதில் விழுந்தது, அதற்கு மேல் எங்கும் போகவில்லை. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

பம்பை டிக்கியில் போட்டு மூடிவிட்டு வரும்போதுதான் உள்ளே பார்த்தேன். அம்மா அப்பாவின் தாடையை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருந்தாள், வாய் திறந்துவிடாமல். வெயிலுக்குப் போர்த்துவதைப் போல முந்தானையால் அவர் கண்ணை மூடியிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"காத்து அடிச்சாச்சுல்ல? வண்டிய எடு," என்றாள்.

எடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சத்தம் வருகிறதா என்று கவனித்தேன், வரவில்லை. டயர் நன்றாக நின்றது. அவசரமே இல்லாத அந்த ஏழு கிலோமீட்டரையும் ஹாரன் அடித்துக்கொண்டு அவசரமாகவே ஓட்டினேன். உயிருள்ளவரைக் கொண்டுபோகிறவன் அப்படித்தான் ஓட்டுவான், ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அப்பாவின் அண்ணனான பெரியப்பா ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தார்.

"உசுரு இருக்குல்ல?"

"இருக்கு. தூக்குங்க," என்றாள் அம்மா.

பெரியப்பா தலைப்பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் கால் பக்கம் பிடித்தேன். நடுவில் இரண்டு பேர். அப்பாவின் தலை பெரியப்பாவின் மார்பில் சாய்ந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா அவரைப் பார்த்தாள். ஊர் வழக்கத்தை விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். சொந்தத் தம்பியை மழையில் வைக்கச் சொன்னவரும் அவர்தான். அந்தப் பதினோரு நாளில் எனக்கு ஏதாவது உறைத்தது என்றால் அந்த ஒரு நிமிடம்தான்.

"பையத் தூக்குங்கடா, அவனுக்கு வலிக்கும்," என்று பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

நிலைப்படியைத் தாண்டினோம். கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தினோம். அம்மா ஒரு கரண்டி பாலைக் கொண்டுவந்து அவர் வாயில் ஊற்றினாள். கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள். அதன் பிறகுதான், "போயிட்டாகளே" என்று கூப்பாடு போட்டு விழுந்தாள். வீட்டுக்கு வந்து, பால் குடித்து, நிம்மதியாகப் போனார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். பெரியப்பாவும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பந்தல்காரரையும் விறகையும் பார்த்துக்கொண்டு அலைந்தேன். மகன் கல்லாட்டம் நிற்கிறான் என்று யாரோ சொன்னது கேட்டது. அது சரிதான் என்று பட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்த முள்ளப் பிடுங்காம விட்டிருந்தா காத்து போயிருக்காது. நேரா வந்திருக்கலாம். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் பிடுங்கினேன்."

அம்மா தலையைத் தூக்கவில்லை. கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"நீ வண்டிய நிப்பாட்டுறதுக்கு முந்தியே போயிட்டாகய்யா. திருச்சுழி தாண்டுறப்பவே. நீ பிடுங்கினாலும் ஒண்ணுதான், பிடுங்காட்டியும் ஒண்ணுதான்."

நான் டயரில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா பேசியதும், அவள் பதில் சொன்னதும் எனக்குக் கேட்டது என்பது அம்மாவுக்குத் தெரியாது.

"அப்படியாம்மா," என்றேன்.

"ஆமா. போய்க் குளிச்சிட்டு வா, சோறு போடுறேன்."

கொல்லைப்பக்கம் போய்த் தொட்டி அருகில் நின்றேன். அத்தனை நாளும் வராத அழுகை அங்கே வந்தது. அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.