வளைவு வரும்போது கண்ணை மூடச் சொன்ன கைடு அண்ணை

கைடு அண்ணை போய்விட்டார்.

காலையில் ஹனோவரில் இருந்து அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில்… நித்திரையிலேயே.

எண்பத்துமூன்றுக்கு முன்னால் இலங்கையில் ஜெர்மன்காரரை வேனில் ஏற்றி ஊர் காட்டியவர். கலவரத்தில் வேனை எரித்துவிட்டார்கள். பிறகு ஜெர்மனியில், எங்களோடு ஒரே ஹைமில், அகதிகள் விடுதியில், அவருக்கும் ஒரு கட்டில்.

ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அது. வாசலில் பஸ் நிற்கும், ஏறலாம்… ஆனால் மாவட்ட எல்லை வருமுன் இறங்கிவிட வேண்டும், அகதி கேட்டவர்கள் தாண்டினால் பொலிஸ்.

என்னவர் கொலோனில் வேறொரு ஹைமில். எனக்கு அகதி என்று பதிந்து தந்தால்தான் நான் அவரிடம் போகலாம்.

பனிக்காலத்தில் எங்களுக்கு இருந்த உலகம் ஒரு சமையலறை. கைடு அண்ணை அதில் பியர்ப் பெட்டிகளைக் கவிழ்த்து வேன் சீட் மாதிரி அடுக்குவார், சட்டி மூடிதான் ஸ்டியரிங்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ. கண்டி தாண்டியாச்சு. தேயிலை மணக்குதோ?"

"அண்ணை, உது கமலாக்கா அடிப்பிடிக்க விட்ட பருப்பு."

"வாயை மூடு பிள்ளை. எல்லாரும் கண்ணையும் மூடுங்கோ. றம்பொடை வளைவு வருது… நான் சொல்லுமட்டும் திறக்கக்கூடாது… ஆ, இப்ப திறவுங்கோ!"

திறந்தால் ஜன்னல். வெளியே பனி. அவர் மட்டும் றம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி "ஷேன், ஷேன்" என்பார். அழகு என்று அர்த்தமாம். நான் படித்த முதல் ஜெர்மன் சொல் அதுதான்.

நிலாவெளிக் கடல், எல்ல மலை இடுக்கு, ஹோட்டன் சமவெளி… எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்துதான் போனேன். பிறந்த நாட்டில் நான் கண்டது யாழ்ப்பாணமும், பிளேன் ஏற வந்த கொழும்பும்தான்.

என்னுடைய அகதி விசாரணைக்கு டெர்மின், அதுதான் நாள், குறித்தபோது மொழிபெயர்க்க அவரே வந்தார்.

நான் சொன்னேன். "கீரிமலைக் கேணியில குளிக்கப்போன என்ர தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. இன்னும் வரேல்லை."

அண்ணை ஜெர்மனில் சொல்லத் தொடங்கினார். கீரிமலை என்ற சொல் வந்ததும் அவருடைய குரல் மாறியது… சட்டி மூடி பிடிக்கும்போது வருகிற அதே குரல். கை வேறு நீண்டது. நடுவில் "ஷேன்" என்ற சொல் கேட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சிரித்துக்கொண்டு "ஷேன்" என்றார்.

என் தம்பியைப் பற்றிச் சொன்ன இடத்தில்.

வெளியே வந்து கேட்டேன். "என்ன அண்ணை சொன்னீங்கள்?"

"வாயில வந்திட்டுது தங்கச்சி… கடலோரத்தில நல்ல தண்ணி ஊற்று, கட்டாயம் பாக்கவேணுமெண்டு… வெள்ளைக்காரருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பிறகு தம்பியின்ர கதையையும் வடிவாச் சொன்னனான்."

"சிரிச்ச மனுசனுக்குச் சொல்லி என்ன?"

என்னை அகதியாக ஏற்கவில்லை. அந்தச் சொல்லாலா, வேறு காரணமா… எனக்கு அந்தச் சொல்தான்.

அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு எழும்பிப் போக அந்த ஹைமில் இடம் எங்கே இருந்தது? அதே சமையலறை, அதே பெட்டி. அவர் "கண்ணை மூடுங்கோ" என்பார். எல்லாரோடும் சேர்ந்து மூடுவேன், வாய் மட்டும் திறக்கமாட்டேன்.

அப்பீல் முடிந்து, கொலோனுக்குப் போய் என்னவரோடு சேர எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆயிற்று. வெளிக்கிட்ட அன்று கைடு அண்ணை என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். அப்போதும் நான் அவரோடு பேசவில்லை.

போன முறை என் மகளோடு இலங்கை போனபோது வேன் அந்த மலைப்பாதையில் ஏறியது. றம்பொடை என்று பலகை கண்டதும் நானாகவே கண்ணை மூடிவிட்டேன்.

"அம்மா, தலை சுத்துதோ?"

"சும்மா இரு."

திறந்தேன். அவர் சொன்ன மாதிரியே, வளைவு முடிகிற இடத்தில், வெள்ளையாய் விழுந்துகொண்டிருந்தது.

கீரிமலைக்கும் போனேன். கேணியில் கால் வைக்கவில்லை.

அண்ணை, அந்த ஒரு சொல்லை நான் மறக்கவில்லை. இனி மறக்கப்போவதும் இல்லை.

ஆனால் வளைவு முடிஞ்சுது அண்ணை…

இப்ப கண்ணைத் திறவுங்கோ.