தீபாவளிக்கு ஒரு டெக்னோ தட்டு

போன வாரம் எங்கள் வீட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. மகள் சுகன்யா தன் காலேஜ் கூட்டாளிகளை அழைத்து வந்திருந்தாள் — சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று ஏழெட்டுப் பேர். "எங்கப்பா ரொம்பப் பழசு" என்று அவள் சொல்லி வைத்திருக்கும் பெயரை அன்றோடு அழித்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

ஆயுதமும் தயார். பினாங்கு ரோட்டு ரிக்கார்டு கடையில் வாங்கிய, இளசுகள் ஆடும் டெக்னோ இசைத்தட்டு. லிமிடெட் எடிஷன்! உலகத்துக்கே கொஞ்சம்தான் அடித்தார்களாம். அட்டையில் கையால் நம்பர் எழுதியிருந்தது. "லாஸ்ட் பீஸ் லா, பாஸ்" என்றார் கடைக்காரர். விலை? இங்கே எழுத முடியாது... என் மனைவியும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள்.

வாங்கிய நாளிலிருந்து தினமும் கேட்டேன். என்ன கனம், என்ன நிதானம்! கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் பாடுவது போன்ற குரல். "இது ஆட்டம் போடுற பாட்டு இல்ல, தியானம்" என்று ஆபீசில் எல்லாரிடமும் அளந்துவிட்டேன்.

அதையே அன்று பிள்ளைகளிடமும் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். பாவம், மூடினார்கள். முறுக்கு கடிக்கும் சத்தம்கூட இல்லை. சுகன்யா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிரசத்தோடு வந்தாள் என் மனைவி.

"நல்ல நாளும் அதுவுமா சாவு வீடு மாரி என்னங்க இது? கொஞ்சம் வேகமா போடுங்களேன்" என்றவள், எனக்காகக் காத்திராமல் ப்ளேயரின் வேக விசையைத் தானே தள்ளிவிட்டாள்.

கிணற்றுக்குள் இருந்த ஆண் ஒரு நொடியில் பெண்ணாகிவிட்டார். தாளம் குதித்தது. பிள்ளைகளும் எழுந்து குதித்தார்கள்.

விஷயம் இதுதான். சின்னத் தட்டு என்றால் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று — சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முப்பத்து மூன்றிலேயே ஓடவிட்டிருந்தேன். இந்த டான்ஸ் தட்டோ பெரிதாக இருந்தாலும் நாற்பத்தைந்தில் ஓட வேண்டுமாம்!

எல்லாரும் போனபின் மகளிடம் அசடு வழிந்தேன். "உனக்கும் தெரியாதாம்மா?"

"மொத நாளே தெரியும்பா. லேபிள்லயே போட்டிருக்கு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க கண்ண மூடிக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா கேட்டீங்க... எப்படிப்பா சொல்றது?"

கூட்டாளிகள் முன்னால் தன் மானம் போனாலும் பரவாயில்லை என்று இருந்திருக்கிறாள்.

இந்தப் பிள்ளைகள் நம்மிடம் வேறு என்னென்ன சொல்லாமல் விட்டு வைத்திருக்கிறார்களோ... கேட்கத்தான் பயமாக இருக்கிறது.