அரைப் பக்கத்தில் அடங்காத மௌத்து

சாய்ந்தமருதில் ‘மெசின் சாலிஹ்’ என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். மெசின் என்றால் உழவு மெசின். அது வயற்காணிகள் வைத்திருந்த சம்மாந்துறைப் போடியார் ஒருவருக்குச் சொந்தமானது. ஓட்டுவது மட்டும்தான் சாலிஹ். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அதற்குப் பிறகு அவர் எழுத்துக்கூட்டி வாசித்ததெல்லாம் கலியாணக் கார்டும் எண்ணெய்ப் பீப்பாயில் ஒட்டியிருக்கும் பெயரும்தான்.

அவர் கலியாணம் முடித்த ஸகியா அப்படியில்லை. பெரியபிள்ளையானதும் அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்கள். வாசிப்பை நிறுத்த யாராலும் முடியவில்லை. அந்தப் பக்கத்து வழமைப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். சாலிஹ் ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தார். அறைக் கதவுக்குப் பின்னால் பூட்டில்லாத மரப்பெட்டி ஒன்று கிடந்தது. உடுப்பு வைக்கலாம் என்று திறந்து பார்த்தால் விளிம்பு வரைக்கும் கதைப் புத்தகம்.

“இதெல்லாத்தையும் வாசிச்சாச்சா?”

“ஓம். சிலது ரெண்டு தரம்.”

“முடிவு தெரிஞ்ச கதைய ஏன் திரும்பவும் வாசிக்கிற?”

ஸகியா சிரித்தாள். “நீங்க போன மாரிக்கு உழுத வட்டையத்தானே இந்த மாரிக்கும் உழப் போறீங்க?”

அன்றைக்கே அவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த வருசக் கடைசியில்தான் சூறாவளி வந்தது. எழுபத்தெட்டு. விடிந்து பார்த்தால் வீட்டுக்கு மேலே வானம் மட்டும் இருந்தது. மாமி சல்மா உம்மா சட்டி பானையைப் பொறுக்கினார். அவருடைய மூத்த மகள் ஸகியா சேற்றுக்குள் கிடந்த புத்தகங்களைப் பொறுக்கினாள். விழுந்து கிடந்த தென்னைமரத்தின் மேல் அவற்றை வரிசையாக விரித்து, காற்று தூக்காமல் ஒவ்வொன்றிலும் ஓட்டுத் துண்டு வைத்தாள். பாதிக்கு மேல் ஒட்டிப்போய் உதவாமற் போயின. அதற்குப் பிறகுதான் சாலிஹ் கல்முனை வாசிகசாலைக்குப் போகத் தொடங்கியது.

அவர் அங்கே வாசிக்கப் போகவில்லை. சாமான் வாங்குவது போல வாங்கிவரப் போனார். வயல் வட்டையிலிருந்து திரும்பும் வழியில் மெசினை வெளியே நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே நுழைவார். நூலகர் செபரட்ணம் மெதடிஸ்த கோயில்காரர், மெல்லக் கதைக்கிற மனுசன். சாலிஹின் கையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பேப்பரில் சுற்றித்தான் கொடுப்பார்.

“இந்தக் கதை நல்லாயில்லையாம் ஐயா. கடைசில அவசரப்பட்டு முடிச்சிட்டாராம்.”

“ஆர் சொன்னது, நீங்களா?”

“எனக்கென்ன தெரியும்? பொஞ்சாதி சொன்ன.”

பிள்ளைகள் இல்லை என்ற குறை இருந்தது. அதைப் பற்றி ஊர்தான் அதிகம் கதைத்தது. அவர்கள் இருவரும் அவ்வளவு கதைக்கவில்லை.

ஸகியா நெஞ்சில் கட்டி இருப்பதை ஒரு வருசத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்தாள். வெட்கந்தான் காரணம். புருசனுக்குக்கூடச் சொல்லவில்லை. சட்டையில் நீர் ஊறத் தொடங்கிய பிறகுதான் சாலிஹ் கண்டார். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். டாக்குத்தர் சாலிஹைத் தனியே கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார். சிங்கள மெக்கானிக் ஒருவரிடம் மெசின் திருத்தப் பழகியபோது பிடிபட்ட சிங்களம் சாலிஹுக்கு இருந்தது. அன்றைக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. இனிமேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பிரயோசனமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லாகப் பாருங்கள் என்றார் டாக்குத்தர்.

“அவள்கிட்டச் சொல்லிடாதீங்க மருமகன்,” என்று சல்மா உம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “மனசு உடைஞ்சிரும்.”

சாலிஹ் சொல்லவில்லை. காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு புண்ணைக் கழுவித் துணி மாற்றுவார். வேறு யாரையும் ஸகியா கிட்ட விடவில்லை. பெற்ற தாய்க்குக்கூடக் காட்டவில்லை. துணி மாற்றி முடிந்ததும் வாடை தெரியாமல் சாம்பிராணி போடுவார். மெசினில் எது உடைந்தாலும் கழற்றிப் பூட்டிய கை அது. இங்கே கழற்றவும் இல்லை, பூட்டவும் இல்லை. துடைத்துத் துடைத்து மூடுவது மட்டும்தான் வேலை.

ஒருநாள் வாசிகசாலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர் போகாமல் நின்றார்.

“ஐயா, மௌத்தாகிறதப் பத்தின புத்தகம் ஏதும் இரிக்கா?”

செபரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். “எப்பிடிப்பட்ட புத்தகம் தம்பி?”

“மௌத்துக்குப் பொறகு என்ன நடக்கும் எண்டு பள்ளிவாசல்ல சொல்லுவாங்க, அது தெரியும். அதுக்கு முன்னுக்கு என்ன நடக்கும்? பக்கத்துல இரிக்கிற ஆள் என்ன செய்யோணும்? அதப் பத்தி.”

செபரட்ணத்துக்கு விளங்கிவிட்டது. முதலில் சுகாதாரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். சாலிஹ் வட்டை வரம்பில் இருந்து, விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, வாரக்கணக்காக அதை வாசித்தார். பாம்பு கடித்தால் என்ன செய்வது, கொலரா வராமல் எப்படித் தடுப்பது என்றெல்லாம் இருந்தது. பிழைக்காத ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. பிறகு நாவல்கள். வாசிக்க வாசிக்க எழுத்து ஓட்டமாக வந்தது. ஒவ்வொன்றிலும் யாராவது சாகும் இடத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார்.

“ஒண்டும் சரிவராது ஐயா,” என்று கடைசியில் வந்து சொன்னார். “எல்லாரும் அரைப் பக்கத்துல மௌத்தாகிறாங்க. ஒரு நல்ல கதை கதைக்கிறாங்க, கண்ண மூடுறாங்க, அடுத்த பக்கம் வேற ஆக்கள்ற கதை. எங்கட வூட்ட மாசக்கணக்கா இழுபடுது.”

செபரட்ணம் அலுமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். “சூறாவளியில என்ட மகள் செசிலி போனா. சுவர் விழுந்தது. அதுக்குப் பிறகு நானும் இதுக்குள்ளதான் தேடினன் தம்பி. இவ்வளவு புத்தகமும் என்ட பொறுப்புலதானே கிடக்கு. எனக்கும் அம்பிடல்ல.”

பேப்பர் பார்க்க வந்த ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டபோது சாலிஹ் வெளியே வந்தார்.

அதற்குள் ஸகியாவுக்குப் புத்தகத்தைத் தூக்கிப்பிடிக்கும் பலமும் போய்விட்டது. “நீங்க வாசிங்க, நான் கேக்கிறன்,” என்றாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாலிஹ் வாசிப்பார். பிழையாக வாசித்தால் அவள் படுத்தபடியே திருத்துவாள். அப்படி ஒரு கதையில், ஈளைநோய்க்காரி ஒருத்தி சாகப்போகும் இடம் வந்தது. சாலிஹ் புத்தகத்தை மூடினார்.

“ஏன் நிப்பாட்டினீங்க?”

“இதுக்கு அங்கால கிழிஞ்சி கிடக்கு.”

“பொய் சொல்லாதீங்க. நான் வாசிச்ச கதைதான் இது. வாசிங்க.”

வாசித்தார். நோயாளிப் பெண் சாளரத்தோரம் சாய்ந்துகொண்டு நிலவைப் பற்றியும் அன்பைப் பற்றியும் நீளமாகக் கதைத்துவிட்டுப் புன்னகையோடு உயிரை விட்டாள். ஸகியா சிரிக்கத் தொடங்கினாள்; சிரிப்பு நோவில் போய் முடிந்தது.

“அவளுக்கு மூச்சு வாங்கல்லையா? இவ்வளவும் எப்பிடிக் கதைச்ச? முந்தி வாசிக்கக்குள்ள நான் இதுக்கு அழுதன், தெரியுமா?” கொஞ்சம் இளைப்பாறினாள். “மச்சான், எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கொழும்புல அவர் உங்களக் கூப்பிட்டுச் சொன்ன. நீங்க வெளிய வந்த முகத்துலயே கண்டுட்டன். நீங்க சொல்லுவீங்க எண்டு இரிந்தன்.”

சாலிஹ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவளுக்கு முன்னால் அழுவது அதுதான் முதல்தரம். ஸகியா கையை எட்டி அவர் முழங்காலில் வைத்தாள்.

“மௌத்துக்குப் பயமில்ல. மத்தது ஒண்டுதான். அடக்க முந்தி என்னைக் குளிப்பாட்டக்குள்ள எல்லாப் பொம்புளைகளும் வருவாங்க. இந்தப் புண்ணப் பாப்பாங்க. பொறகு வூடு வூடாப் போய்க் கதைப்பாங்க. உம்மாவும் பாக்க வேணாம், தாங்கமாட்டாங்க. நீங்களே குளிப்பாட்டுவீங்களா?”

“புருசன் குளிப்பாட்டலாமா?”

“கூடும் எண்டு நான் வாசிச்சிரிக்கன்.”

மறுநாளே சாலிஹ் செபரட்ணத்திடம் போய் மார்க்கப் புத்தகங்கள் இருந்த தட்டைக் கேட்டார். தேடிக் கண்டுபிடித்தார். புருசன் பெண்சாதியைக் குளிப்பாட்டலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. இத்தனை மாதத்தில் ஒரு புத்தகம் அவருக்கு நேரடியாகச் சொன்ன பதில் அது ஒன்றுதான். வீட்டுக்கு ஓடிவந்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். ஸகியா அன்றைக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

ஆனால் இதை மாமியிடம் சொல்ல வேண்டுமே. எப்படிச் சொல்வது? மகள் உடம்பைப் பற்றி மருமகன் மாமியோடு கதைப்பதா? சொன்னால் அவள் சாகப்போகிறாள் என்று வாய்விட்டுச் சொன்னதாகிவிடுமே. இன்றைக்கு, நாளைக்கு என்று சாலிஹ் தள்ளிக்கொண்டே வந்தார். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெவ்வையிடம் ஒருதரம் வாயெடுத்தார். அங்கே ஆட்கள் இருந்ததால் மழையைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

எண்பத்திநாலாம் ஆண்டு மாரி உழவு தொடங்கிய நேரம். போடியார் இரண்டு தரம் ஆளனுப்பிவிட்டார். ஸகியாவும் அன்று காலை தெளிவாக இருந்தாள். “போயிட்டு வாங்க, ஊரெல்லாம் விதைக்கப் போகுது,” என்றாள். சாலிஹ் துணி மாற்றிவிட்டுத்தான் போனார்.

பகல் வெயிலில் அவர் சேற்றுழவில் நிற்கும்போது, பக்கத்து வீட்டு மீராசா சைக்கிளை வரம்பில் போட்டுவிட்டுக் கையைக் காட்டினார். மெசின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மெசினை அப்படியே நிறுத்திவிட்டுச் சாலிஹ் இறங்கினார். முழங்காலளவு சேறு; ஓட முடியவில்லை. ஒரு காலை இழுத்தெடுத்தால் மற்றக் கால் புதைந்தது. ஊர் வந்து சேர எவ்வளவு நேரமானது என்று அவருக்குப் பிற்பாடும் தெரியாது. மீராசாவின் சைக்கிள் பாரில் குந்தியிருந்ததும், வழியில் யாரோ ஸலாம் சொன்னதும்தான் ஞாபகம்.

முற்றத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்பக்கம் வெள்ளைச் சீலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

சாலிஹ் சேற்றுக் காலோடு மறைப்புக்குக் கிட்டப் போனார். “மாமி! நிப்பாட்டுங்க. நான் குளிப்பாட்டுறன் எண்டு அவக்குச் சொல்லியிரிக்கன்.”

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஒரு பெண் “அல்லாஹ்!” என்றாள். இன்னொருத்தி, “அங்கால போங்க தம்பி, பொம்புளைகள் இரிக்கிற இடம்,” என்று அதட்டினாள். தோளில் கை விழுந்தது. லெவ்வை.

“கிதாபுல கூடும் எண்டு இரிக்கி லெவ்வை. நான் வாசிச்ச.”

“ஓம், கூடும்தான். நான் இல்லை எண்டு சொல்லல்ல,” என்றார் லெவ்வை தாழ்ந்த குரலில். “ஆனா அவங்க தொடங்கிட்டாங்களே. உள்ள பொம்புளைகள் நிக்கக்குள்ள உங்கள எப்பிடி விடுற? முந்தியே ஒரு சொல் சொல்லியிருந்தா ஒழுங்கு செஞ்சிருக்கலாம்.”

சீலை காற்றில் அசைந்தது. விலக்கிக்கொண்டு போய்விடலாம், ஒரு கைதான் தேவை. சாலிஹின் கை எழும்பவில்லை. திரும்பவும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். பிறகு உள்ளேயிருந்து சல்மா உம்மாவின் ஓலம் கேட்டது. புண்ணைக் கண்டுவிட்டார் என்று சாலிஹுக்குத் தெரிந்தது. அந்த இடத்திலேயே குந்திவிட்டார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். குழிக்குள் இறங்கி வாங்கியவர்களில் சாலிஹும் ஒருவர். அதை யாரும் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு சல்மா உம்மா கதவோரம் நின்று கேட்டார். “இவ்வளவு பெரிய புண்ண ஏன் மருமகன் எனக்குக் காட்டல்ல? நான் பெத்தவள்தானே?”

“கடைசில அவ என்ன சொன்ன மாமி?”

“என்ன சொல்ல? தண்ணி கேட்ட. எடுத்திட்டு வரக்குள்ள முடிஞ்சி.”

புருசனை இழந்தவளுக்கு இத்தா இருக்கிறது, மாதக்கணக்கில் அறைக்குள் இருந்து அழலாம். பெண்சாதியை இழந்தவனுக்கு அப்படி ஒன்றுமில்லை. அடுத்த நாளே போடியார் ஆளனுப்பினார். சேற்றில் விட்ட மெசின் விட்ட இடத்திலேயே நின்றது.

நாற்பதாம் நாள் கழிந்ததும் மாமி மெதுவாகக் கதையெடுத்தார். இளையவள் றபீக்கா இருக்கிறாள், அவளைக் கலியாணம் முடித்துக்கொண்டு இந்த வீட்டிலேயே இருக்கலாமே என்றார். அன்பாகத்தான் கேட்டார். சாலிஹால் முடியவில்லை. வேறு மாப்பிள்ளை வந்தால் வீடு றபீக்காவுக்குத் தேவைப்படும். ஆகவே சூட்கேசை எடுத்துக்கொண்டு மருதமுனைக்கு, தங்கச்சி ஹாஜறாவின் வீட்டுக்குப் போனார். தங்கச்சி நல்லவள். ஆனாலும் அது அவள் புருசன் வந்து குடியிருந்த வீடு. சாலிஹுக்கு அங்கே ஒரு மூலைதான்.

அடுத்த வருசம் கலவரம் வந்தது. தமிழாட்களும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்கு மற்றவர் போகப் பயந்தார்கள். வீடுகள் எரிந்தன. சாலிஹ் மறுபடி வாசிகசாலைக்குப் போகத் துணிந்தபோது செபரட்ணம் அங்கே இல்லை. மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். உறுதியாகச் சொல்ல ஆளில்லை. புதிதாக வந்திருந்தவர், “என்ன புத்தகம் வேணும்?” என்று கேட்டார். சாலிஹ், “சும்மா வந்த,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகும் சில வருசம் அவர் மெசின் ஓட்டினார். கூட ஓட்டிய ஜவுபர் தொண்டைப் புற்றில் விழுந்தபோது, அவருடைய பெண்சாதி றாஹிலா சாலிஹை வரச் சொல்லியிருந்தாள். ஜவுபர் அறைக்குள் படுத்திருந்தார். மூச்சு விறாந்தை வரைக்கும் கேட்டது. றாஹிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தணிந்து கேட்டாள்.

“காக்கா, நீங்க ஸகியாவ வெச்சிப் பாத்த ஆள்தானே. கடைசில என்ன நடக்கும்? எப்பிடி நான் வெளங்கிக்கிற?”

சாலிஹ் யோசித்தார். துணியை அவித்துக் காயவைக்கச் சொன்னார். சாப்பாட்டை ஊட்டிக் கரைச்சல் கொடுக்க வேண்டாம், உதட்டை மட்டும் நனைத்துவிடு என்றார். கேட்க வேண்டியது, சொல்ல வேண்டியது இருந்தால் இன்றைக்கே கதைத்துக்கொள் என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

“மத்தது எனக்குத் தெரியா தங்கச்சி. நான் பக்கத்துல இரிக்கல்ல. வட்டைக்குப் போயிருந்தன்.”

றாஹிலா தலையாட்டினாள். “அப்ப கொஞ்சம் இரிந்திட்டுப் போங்க காக்கா. தனிய இரிக்கப் பயமாக் கிடக்கு.”

சாலிஹ் கதிரையை அறை வாசலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். றாஹிலா தேத்தண்ணி வைத்தாள், இருவரும் குடிக்கவில்லை. உள்ளே மூச்சு இழுத்தது, நின்றது போல இருந்தது, திரும்பவும் இழுத்தது. ஒவ்வொரு தரமும் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.